காரைக் கழுவிய பின் உலர்த்த எந்த புளோயர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷாம்பு போட்டு, நுரை போக அலசியதும் வேலை முடிந்த மாதிரி ஒரு நினைப்பு வந்துவிடும். பெயின்ட்டில் கறையும் கீறலும் விழுவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். புளோயர் வாங்கலாமா, எதை வாங்கலாம், வாங்கியதை எப்படிப் பிடிப்பது என்று திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள்.

நல்ல மைக்ரோஃபைபர் துணி இருக்கும்போது புளோயர் எதற்கு?

கூரை, பானெட், கதவு போன்ற பரந்த இடங்களுக்குத் துணியே போதும். சிக்கல் துணி போகாத இடங்களில். சைடு மிரரையே பாருங்கள். வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு, சரி, காய்ந்துவிட்டது என்று அடுத்த பக்கம் நகர்வீர்கள். கண்ணாடிக்கும் அதைச் சுற்றியுள்ள கூட்டுக்கும் நடுவில் விரல் நுழையாத ஓர் இடுக்கு இருக்கிறது; அதற்குள் தண்ணீர் தேங்கியிருக்கும். கொஞ்ச நேரம் கழித்து அது சொட்டத் தொடங்கி, துடைத்து வைத்த கதவின்மேல் ஒரு கோடாக இறங்கும். அந்த நேரம் பார்த்து வண்டியை எடுத்தால் கோடு பின்பக்கமாகச் சாய்ந்து, வழியில் தூசியையும் பிடித்துக்கொள்ளும். கதவுக் கைப்பிடியின் குழி, நம்பர் பிளேட்டின் பின்புறம், டெயில் லேம்ப்பின் ஓரம், கிரில், கம்பெனி சின்னம், பெட்ரோல் மூடி, வீல் நட்டுகள் இருக்கும் குழிகள் எல்லாவற்றிலும் இதே கதைதான்.

இன்னொரு காரணம் கீறல். காரின் நிறத்துக்கு மேல் இருக்கும் கிளியர்கோட் பூச்சு பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான் தடிமன்தான். பலரின் தலைமுடியைவிட மெல்லியது. அலசிய பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு மணல் துகள் துணிக்கு அடியில் சிக்கினால், கை போகும் தூரம் முழுக்கக் கோடு போட்டுக்கொண்டே போகும். வெயிலில் வட்ட வட்டமாக மின்னும் மெல்லிய கீறல்கள் பெரும்பாலும் கழுவும்போதும் துடைக்கும்போதும் வந்தவை. காற்று பெயின்ட்டைத் தொடாமலே தண்ணீரை அகற்றிவிடும்.

அதற்காகத் துணியைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. பத்தில் ஒன்பது பங்கு தண்ணீரைக் காற்றால் தள்ளிவிட்டு, மிச்சத்தைத் துணியால் மெல்ல ஒற்றி எடுப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். கடைசிச் சொட்டு வரை காற்றாலேயே விரட்டுவேன் என்று நின்றால் கைவலியும் பேட்டரிச் செலவும்தான் மிச்சம்.

காற்றடித்தால் தண்ணீர் ஆவியாகிறதா, தள்ளப்படுகிறதா?

தள்ளப்படுகிறது. தள்ளப்படத்தான் வேண்டும். குழாய்த் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் போன்ற உப்புகள் கரைந்திருக்கின்றன. லிட்டருக்கு 300 மில்லிகிராம் உப்பு உள்ள தண்ணீர் ஒரு லிட்டர் காரின்மேல் காய்ந்தால், தண்ணீர் மட்டும்தான் போகும். அந்த 300 மில்லிகிராமும் வெள்ளை வளையங்களாகப் பெயின்ட்டிலேயே தங்கிவிடும். வெயிலில் சூடேறிய பானெட்டில் இது இன்னும் வேகமாக நடக்கும். வளையத்தை அன்றே துடைத்தால் போய்விடும். நாள்கணக்கில் விட்டால் கிளியர்கோட்டிலேயே தடம் பதித்துவிடும்.

சொட்டாகவே தள்ளிவிட்டால் உப்பும் அதோடு போய்விடும். புளோயரின் முழுப் பயனும் இதில்தான் இருக்கிறது. ஆகவே ‘எவ்வளவு சூடான காற்று’ என்று பார்க்காதீர்கள், ‘எவ்வளவு அழுத்தித் தள்ளும்’ என்று பாருங்கள். உப்பு நீக்கும் ரெசின் ஃபில்டர் வழியாக வந்த தண்ணீரால் கடைசி அலசல் செய்பவர்களுக்கு மட்டும் இந்தக் கவலை கிடையாது. அது தானாகக் காய்ந்தாலும் கறை விடாது.

பெட்டியில் சிஎஃப்எம், எம்பிஎச் என்று எழுதியிருக்கிறது. எதை நம்பி வாங்குவது?

சிஎஃப்எம் என்பது ஒரு நிமிடத்தில் எத்தனை கன அடி காற்று வெளியே வருகிறது என்ற கணக்கு. எம்பிஎச் என்பது அந்தக் காற்று மணிக்கு எத்தனை மைல் வேகத்தில் வருகிறது என்பது. இரண்டில் ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுத்தால் ஏமாற்றம்தான். வேகம் இருந்து அளவு இல்லையென்றால், ஊசிமுனை மாதிரி ஓர் இடத்தில் குத்தும். அகலமான பானெட்டைக் காலி செய்ய நேரமாகும். அளவு இருந்து வேகம் இல்லையென்றால், மின்விசிறிக்கு முன்னால் நிற்கிற மாதிரி சுகமாக இருக்கும், சொட்டு அசையாது.

உண்மையில் சொட்டைத் தள்ளுவது இரண்டும் சேர்ந்த விசை. அதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 500 சிஎஃப்எம் என்றால் வினாடிக்குச் சுமார் 0.236 கன மீட்டர் காற்று. ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிலோ. அப்படியானால் வினாடிக்கு 0.28 கிலோ காற்று வெளியேறுகிறது. அது வினாடிக்கு 50 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டரில் வந்தால் விசை 14 நியூட்டன். இன்னொரு கருவி 100 சிஎஃப்எம் காற்றை வினாடிக்கு 90 மீட்டரில் தள்ளுகிறது என்று வையுங்கள். வேகம் ஏறக்குறைய இரு மடங்கு. விசையோ 5 நியூட்டன்தான்.

விளம்பரத்தில் ஒரு சாமர்த்தியம் உண்டு. எம்பிஎச்சை மிகக் குறுகலான நாசிலை, அதாவது காற்று வெளிவரும் முனையை, மாட்டி அளப்பார்கள். சிஎஃப்எம்மை நாசிலே இல்லாமல் அளப்பார்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடிப்பார்கள். ஒரே நேரத்தில் அந்த இரண்டு எண்களும் உங்கள் கைக்கு வரவே வராது. அதனால் நியூட்டன் கணக்கில் விசையைக் குறிப்பிடும் கருவி கிடைத்தால் அந்த ஒற்றை எண்ணை வைத்து ஒப்பிடுங்கள். இலை தள்ளும் பெரிய புளோயர்களில் இது பல நேரங்களில் கையேட்டில் இருக்கும். என் கணிப்பில் 10 நியூட்டனுக்கு மேல் இருந்தால் கார் வேலைக்கு நிம்மதி. 15 இருந்தால் பெரிய எஸ்யூவிக்கும் தாராளம். அதற்குமேல் போனால் எடையும் சத்தமும்தான் கூடும்.

கார் உலர்த்தும் கருவிகள் சிலவற்றில் வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை அடி என்று எழுதியிருப்பார்கள். 18,000 என்று பார்த்ததும் மிரள வேண்டாம். 88ஆல் வகுத்தால் எம்பிஎச் கிடைத்துவிடும்: 18,000 அடி என்பது சுமார் 205 எம்பிஎச், மணிக்கு 330 கிலோமீட்டர்.

குதிரைத்திறன் அதிகம் உள்ளதை வாங்கினால் சரிதானே?

அதை எண்ணாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு குதிரைத்திறன் 746 வாட். 4 குதிரைத்திறன் என்றால் கிட்டத்தட்ட 3,000 வாட். அமெரிக்காவில் உள்ளது போன்ற 120 வோல்ட், 15 ஆம்ப் சாக்கெட் ஒன்றிலிருந்து அதிகபட்சம் 1,800 வாட்தான் எடுக்க முடியும். அப்படிப்பட்ட சாக்கெட்டில் செருகும் கருவியில் 4 குதிரைத்திறன் என்று எழுதியிருந்தால், அது மோட்டார் ஒரு கணம் எட்டக்கூடிய உச்சமே தவிர, தொடர்ந்து தரும் திறன் அல்ல. கருவியின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டில் வாட் அல்லது ஆம்ப் இருக்கும். அதுதான் உண்மை.

இலை தள்ளும் புளோயர், கார் உலர்த்தும் கருவி: எது மேல்?

இலை புளோயரில் காற்றின் அளவு அதிகம், வேகம் நடுத்தரம். பானெட், கூரை, கண்ணாடிகளை நிமிடங்களில் வழித்துவிடும். கார் உலர்த்தும் கருவி என்று தனியாக விற்பதில் பெரும்பாலும் தரையில் உருளும் ஒரு பெட்டி, அதிலிருந்து நீண்ட ஹோஸ், நுனியில் சிறிய நாசில். காற்றின் அளவு குறைவு, வேகம் அதிகம். உள்ளே போகும் காற்று ஃபில்டர் வழியாகப் போகும். கையில் பிடிப்பது வெறும் ஹோஸ் என்பதால் தோள் வலிக்காது. கிரில்லுக்குள்ளும் வீலுக்குள்ளும் வளைத்துக் காட்டலாம்.

வாரம் ஒரு கார், அதுவும் சொந்தக் கார் என்றால் பேட்டரி இலை புளோயரே போதும். தோட்டத்துக்கும் வாசலுக்கும் கூட ஆகும். நாளெல்லாம் கார் கழுவுவது தொழில் என்றால் மின்சாரத்தில் ஓடும் ஹோஸ் வைத்த கருவிதான் சரி. நடுவில் இருப்பவர்கள், அதாவது கறுப்பு நிறக் கார் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கீறலையும் எண்ணுபவர்கள், கையில் காசு இருந்தால் ஹோஸ் வகைக்குப் போகலாம். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

நாய்க்குக் குளிப்பாட்டிய பின் முடி உலர்த்த விற்கும் ஹோஸ் வைத்த கருவியும் அடிப்படையில் இதே வேலையைச் செய்வதுதான். வீட்டில் ஏற்கெனவே இருந்தால் ஃபில்டரைக் கழுவிவிட்டு, காருக்கும் பயன்படுத்திப் பாருங்கள்.

பெட்ரோல் புளோயர் இதற்குத் தேவையில்லை. டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் எண்ணெய்ப் புகை, சத்தம், முதுகில் சுமக்கும் எடை எல்லாம் மைதான வேலைக்கு. மூடிய கராஜுக்குள் அதை ஓட்டுவது கார்பன் மோனாக்சைடு ஆபத்து. ஒருபோதும் செய்யக் கூடாது.

கம்ப்யூட்டர் தூசி தட்டும் சின்ன டஸ்ட் புளோயர் இருக்கிறது. அதை வைத்து ஒப்பேற்றலாமா?

ஒப்பேற்றலாம். 500, 600 வாட்டில் வரும் அந்தக் கையடக்கக் கருவிகள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2.5 முதல் 3 கன மீட்டர் காற்று தரும் என்று எழுதியிருக்கும். அது 90 முதல் 105 சிஎஃப்எம். மேலே போட்ட கணக்குப்படி விசை 5 நியூட்டனுக்குள்தான் வரும். மிரர் இடுக்கு, கைப்பிடி, வீல் நட், சின்னம் இவற்றுக்கு அது தாராளம். கூரையை உலர்த்தப் போனால் பொறுமை போய்விடும். கூரைக்கும் பானெட்டுக்கும் துணி, இடுக்குகளுக்கு இந்தக் கருவி என்று பிரித்துக்கொண்டால், புதிதாக எதுவும் வாங்கவே தேவையில்லை. பலருக்கு இதுவே போதுமான பதில்.

ஒரு விஷயம்: அதோடு வரும் தூசிப் பையும் குழாயும் ஏற்கெனவே தூசி உறிஞ்சப் பயன்பட்டிருந்தால், உள்ளே மண் இருக்கும். கார் பக்கம் திருப்பும் முன் வெளியே கொஞ்ச நேரம் ஓடவிட்டு ஊதித் தள்ளுங்கள். பின்பக்கம் காற்று வரும் வேக்குவம் கிளீனருக்கும் இது பொருந்தும்.

ஹேர் டிரையர், கம்ப்ரசர், உள்ளங்கை அளவு ‘டர்போ’ ஃபேன்?

ஹேர் டிரையர் வேண்டாம். அது ஆவியாக்கும் கருவி. கறையை நீங்களே சுட்டு ஒட்டுவது போலாகும்.

கம்ப்ரசர் இடுக்குகளுக்கு அருமை. ஆனால் கீற்று மெல்லியது, சின்னத் தொட்டி சீக்கிரம் காலியாகும், குழாயில் எண்ணெயும் ஈரமும் கலந்து வரும். எண்ணெய் பிரிக்கும் ஃபில்டர் இல்லாமல் பெயின்ட்டின் மேல் அடித்தால், உலர்த்திய இடத்தில் எண்ணெய்ப் புள்ளிகள் விழும். உலோக நுனி பெயின்ட்டில் இடித்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

டர்போ ஃபேன்கள் நிமிடத்துக்கு லட்சத்துக்கு மேல் சுழற்சி என்று விற்கப்படுகின்றன. சுழற்சி எண் காற்றைப் பற்றி எதுவும் சொல்லாது. விசிறியின் விட்டம் சின்னது. உள்ளே இருக்கும் பேட்டரியும் சின்னது, முழு வேகத்தில் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். மிரருக்கும் கைப்பிடிக்கும் கைவசம் வைத்துக்கொள்ளலாம். அதை மட்டும் நம்பிக் காரைக் கழுவ இறங்காதீர்கள்.

பேட்டரியா, வயரா?

பேட்டரியில் வோல்ட்டையும் ஆம்ப் ஹவரையும் பெருக்கிப் பாருங்கள். வரும் எண் வாட் ஹவர். 18 வோல்ட், 5 ஆம்ப் ஹவர் பேட்டரி 90 வாட் ஹவர். 900 வாட் எடுக்கும் மோட்டாரை முழு வேகத்தில் விட்டால் 6 நிமிடத்தில் முடிந்துவிடும். நடுத்தரக் கார் ஒன்றை உலர்த்த ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும் என்று வைத்தால், 90 வாட் ஹவர் எல்லைக்கோட்டில் நிற்கிறது. பொத்தானை அளவாக அழுத்துபவர்களுக்குப் போதும். பொத்தானை முழுக்க அழுத்திப் பிடிப்பவர்களுக்குக் கடைசி வீலுக்கு முன்னால் நின்றுவிடும். 36 வோல்ட், 4 ஆம்ப் ஹவர் என்றால் 144. 56 வோல்ட், 5 ஆம்ப் ஹவர் என்றால் 280; அதில் இரண்டு கார் உலர்த்தலாம்.

‘20 வோல்ட் மேக்ஸ்’ என்று எழுதியிருப்பதும் 18 வோல்ட் என்று எழுதியிருப்பதும் ஒன்றுதான். உள்ளே வரிசையாக ஐந்து லித்தியம் செல்கள். சராசரியாக ஒவ்வொன்றும் 3.6 வோல்ட் என்று கணக்கிட்டால் 18; சார்ஜ் போட்டு எடுத்தவுடன் இருக்கும் உச்சத்தைச் சொன்னால் 20க்குச் சற்று மேல். இதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

டிரில், புல் வெட்டும் கருவி என்று ஏதாவது ஒரு கம்பெனியின் பேட்டரி ஏற்கெனவே வீட்டில் இருந்தால், அதே பேட்டரியில் ஓடும் புளோயரை பேட்டரி இல்லாமல் உடல் மட்டும் வாங்குங்கள். செலவில் பெரிய பங்கு பேட்டரிதான். கழுவி முடித்த சூட்டோடு பேட்டரியைச் சார்ஜரில் போட்டால், அது ஆறும்வரை சார்ஜர் காத்திருக்கும். அதைப் பார்த்துப் பழுது என்று பயப்பட வேண்டாம்.

வயர் வைத்ததில் நேரக் கட்டுப்பாடு இல்லை, எடை குறைவு, விலையும் பொதுவாகக் குறைவு. தொல்லை வயர்தான். நனைந்த தரையில் இழுபடும், டயருக்கு அடியில் சிக்கும், கவனிக்காத நேரத்தில் கதவின்மேல் உரசும். வயரைத் தோளுக்கு மேலாகப் போட்டு, முதுகுப் பக்கம் விட்டு வேலை செய்யுங்கள். எக்ஸ்டென்ஷன் இணைப்பு ஈரத்தில் கிடக்கக் கூடாது. சாக்கெட்டுக்குப் பின்னால் 30 மில்லி ஆம்ப் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்க வேண்டும். இல்லையென்றால் தண்ணீரும் மின்சாரமும் சேரும் இந்த வேலைக்கு பேட்டரியே மேல். சுருள் எக்ஸ்டென்ஷன் பயன்படுத்தினால் முழுக்க அவிழ்த்து விடுங்கள். சுற்றியபடியே விட்டால் வயர் சூடேறி உருகக்கூடும்.

சூடான காற்று வரும் மாடலுக்குக் கூடுதலாகக் கொடுக்கலாமா?

பெரும்பாலான கருவிகளில் அந்தச் சூடு மோட்டாரின் சூடுதான். 1,500 வாட் எடுத்து, வினாடிக்கு 60 கிராம் காற்று தரும் கருவியில் காற்று 20 டிகிரிக்கு மேல் சூடேறும். அது இயல்பாக நடப்பது. பெரிய இலை புளோயரில் காற்று நிறைய என்பதால் மூன்று டிகிரிகூட ஏறுவது தெரியாது. குளிர்காலத்தில் விரல் விறைக்காமல் இருக்க அது இதமாக இருக்கும். உலர்த்தும் தரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

ஃபில்டர் இல்லாத புளோயர் தூசியை அடித்துக் கீறிவிடாதா?

இந்தப் பயம் கொஞ்சம் மிகை. கருவி இழுக்கும் காற்று, காரைச் சுற்றி எப்படியும் இருக்கும் காற்றுதான். கவலைப்பட வேண்டியது தரையைப் பற்றி. மண் தரையிலோ சருகு கிடக்கும் இடத்திலோ நின்று கீழ்நோக்கி ஊதினால், எழும்பும் புழுதி ஈரமான பெயின்ட்டில் வந்து அப்பிக்கொள்ளும். அதன்மேல் துணி போட்டால் மேலே சொன்ன கீறல் தயார். தரையை நனைத்துவிடுங்கள், அல்லது சிமென்ட் தளத்தில் நிறுத்துங்கள். தோட்டத்தில் பயன்படுத்திய புளோயரைக் கார் பக்கம் திருப்பும் முன் குழாயைக் கழற்றி உதறி, கொஞ்ச நேரம் வேறு திசையில் ஓடவிடுங்கள்.

ஃபில்டர் இருக்கும் கருவியில் அந்த நுரை ஃபில்டரை அவ்வப்போது கழுவி, நன்றாகக் காயவைத்துத் திரும்பப் போடவும். அடைத்துக்கொண்டால் காற்று குறையும், மோட்டார் சூடேறும்.

நாசில் விஷயத்தில் என்ன பார்க்க வேண்டும்?

இலை புளோயரோடு வரும் நீளக் குழாய் நின்றபடி தரையை ஊதுவதற்கானது. கார் பக்கத்தில் அது கையை மீறி நீண்டு, எங்காவது இடித்தே தீரும். குட்டையான நாசில் வாங்குங்கள். நுனி ரப்பர் அல்லது சிலிக்கோனாக இருக்கட்டும். பல மாடல்களுக்குக் கார் உலர்த்தவென்றே இப்படி விற்கிறார்கள்.

வாயை ரொம்பவும் சுருக்காதீர்கள். குழாயின் நேர்கோட்டில் விசிறி சுழலும் வகைக்கு எதிரழுத்தம் ஆகாது. நாசிலைச் சுருக்கச் சுருக்க வேகம் ஏறுவதற்குப் பதிலாக விசிறி திணறி, கத்தல் மட்டும் அதிகமாகும். பக்கவாட்டில் வட்டமாகப் புடைத்திருக்கும் சுழல்பெட்டி வகை எதிரழுத்தத்தை ஓரளவு தாங்கும். நாசிலை மாட்டியதும் சத்தம் கீச்சென்று மாறி, காற்று குறைவது போலத் தெரிந்தால் அந்த நாசில் உங்கள் கருவிக்குப் பொருந்தவில்லை.

சத்தம் எவ்வளவு இருக்கும்?

காதுக்குப் பாதுகாப்பு போடும் அளவுக்கு. 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது அமெரிக்கத் தொழில் நல ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகிறது: 94 என்றால் ஒரு மணி நேரம், 100 என்றால் 15 நிமிடம். பல புளோயர்கள் பிடித்திருப்பவரின் காதருகே 90ஐத் தாண்டிவிடும். காது அடைப்பான் மலிவான பொருள். அதோடு ஒரு கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், இடுக்கிலிருந்து தெறிக்கும் தண்ணீரில் மண்ணும் வரும். அக்கம்பக்கத்தார் தூங்கும் நேரத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம்.

நல்ல புளோயர்தான், ஆனால் தண்ணீர் நகரவே மாட்டேன் என்கிறது. ஏன்?

பெரும்பாலும் குறை புளோயரில் இல்லை, பெயின்ட்டில். ஒரு குவளைத் தண்ணீரைப் பானெட்டில் ஊற்றிப் பாருங்கள். தாமரை இலைமேல் போல உருண்டு திரண்டு நின்றால், மேலே வாக்ஸோ செராமிக் கோட்டிங்கோ வேலை செய்கிறது என்று பொருள். அந்த உருண்டைகள் காற்று பட்டதும் ஓடும். தண்ணீர் படலமாகப் பரவி, சப்பையாக ஒட்டிக்கொண்டால் மேலே பாதுகாப்பு ஏதும் இல்லை, அல்லது அதன்மேல் அழுக்குப் படலம் ஏறியிருக்கிறது. படலத்தைக் காற்றால் தள்ளினால் நடுவில் கிழிந்து, பின்னாலேயே ஆயிரம் சிறு துளிகளை விட்டுச் செல்லும். சிறு துளிகள்தான் மோசம். பெயின்ட்டை ஒட்டிய மெல்லிய அடுக்கில் காற்றின் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். துளி அந்த அடுக்குக்குள்ளேயே பதுங்கிக்கொள்ளும். எத்தனை நியூட்டன் இருந்தாலும் அதை அசைப்பது சிரமம்.

இதனால்தான் சொல்கிறேன்: பெரிய புளோயருக்கு மேம்படுத்தும் எண்ணம் இருந்தால், அதற்கு முன் ஒரு நல்ல வாக்ஸோ ஸ்ப்ரே சீலன்ட்டோ போட்டுப் பாருங்கள். பெயின்ட்டைத் தடவினால் சொரசொரப்பாக இருந்தால் முதலில் கிளே பார் (ஒட்டிய அழுக்கைப் பிடித்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி) வைத்து வழித்துவிட்டுப் போடவும். சாதாரணப் புளோயரும் வாக்ஸ் போட்ட காரும், வாக்ஸ் இல்லாத காரும் பெரிய புளோயரும் சேர்ந்த ஜோடியை எளிதாகத் தோற்கடிக்கும்.

எப்படிப் பிடித்து ஊத வேண்டும்?

முதல் வேலை புளோயரில் இல்லை, ஹோஸ் பைப்பில். கடைசி அலசலில் தெளிக்கும் முனையைக் கழற்றிவிட்டு, தண்ணீரை அழுத்தமில்லாமல் கூரையிலிருந்து வழியவிடுங்கள். வழியும் தண்ணீர் மேலே நிற்கும் சொட்டுகளையும் இழுத்துக்கொண்டு இறங்கும். காரில் நிற்கும் தண்ணீரில் பெரும்பகுதி இதிலேயே போய்விடும். நிழலில், பெயின்ட் சூடில்லாத நேரத்தில் செய்யுங்கள்.

பிறகு மேலிருந்து கீழ். கூரை, அடுத்து கண்ணாடிகள், பானெட், டிக்கி, கடைசியாகப் பக்கங்கள். கூரையை விட்டுவிட்டுப் பக்கத்தை உலர்த்தினால் இரண்டு முறை உலர்த்த வேண்டியிருக்கும். நாசில் பெயின்ட்டிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேராகக் குத்தாமல் சாய்வாக இருக்கட்டும். நேராக அடித்தால் தண்ணீர் நாலாபக்கமும் சிதறி, உலர்ந்த இடத்துக்கே திரும்பி வரும்.

பானெட்டில் கண்ணாடிப் பக்கமிருந்து தொடங்கி முன்பக்கமாகத் தள்ளுங்கள். காற்றுக்கு முன்னால் தண்ணீர் ஒரு வரப்பு மாதிரி திரண்டு நகர்வது தெரியும். அந்த வரப்பின் பின்பக்கத்திலேயே நாசிலை வைத்து, அது நகரும் வேகத்திலேயே கையும் நகர வேண்டும். வேகமாக ஆட்டினால் வரப்பு உடைந்து சொட்டுகள் பின்தங்கும். விளிம்பில் சேர்ந்த தண்ணீரைக் கிரில்லுக்குக் கீழே விழவைத்த பிறகுதான் அடுத்த வரிசை.

இடுக்குகளில் பொறுமை வேண்டும். மிரரில் மேலிருந்து ஒரு முறை, கீழிருந்து ஒரு முறை, மடக்கி ஒரு முறை. கைப்பிடிக் குழியில் ஓரத்திலிருந்து ஊதினால் தண்ணீர் மறுபக்கம் வழியாக வெளியேறும். ஜன்னல் ஓர ரப்பரை நீளவாக்கில், காரின் பின்பக்கம் நோக்கி. பெட்ரோல் மூடியின் வெளிக்கதவைத் திறந்து, உள்மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஊதவும். வீல்கள் கடைசியில்: பிரேக் தூசியும் கறுப்புத் தண்ணீரும் தெறிக்கும், அது உலர்ந்த கதவில் விழாதபடி நாசிலைக் கீழ்நோக்கி வையுங்கள். முடிந்ததும் சுத்தமான மைக்ரோஃபைபர் துணியை விரித்துப் போட்டு, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

பெயின்ட் உரிந்து வருமா? ஸ்டிக்கர், பிபிஎஃப் (பெயின்ட்டைக் காக்க ஒட்டும் ஃபிலிம்)?

ஒழுங்கான பெயின்ட்டை எந்த புளோயரும் உரிக்காது. ஏற்கெனவே செதில் செதிலாகக் கிளம்பியிருக்கும் கிளியர்கோட்டின் ஓரத்தில் அடித்தால் அது இன்னும் கொஞ்சம் தூக்கும். பிபிஎஃப், வினைல் ராப், பழைய ஸ்டிக்கர் இவற்றின் விளிம்புகளில் ஃபிலிமின் மேல்பக்கமிருந்து விளிம்பு நோக்கி ஊதுங்கள். வெளியிலிருந்து விளிம்புக்கு அடியில் காற்று நுழையும்படி ஊத வேண்டாம். மேட் பெயின்ட் உள்ள கார்களுக்குத் துணி தேய்த்தால் அந்த இடம் மட்டும் பளபளப்பாகிவிடும். பாலிஷ் போட்டுச் சரிசெய்யவும் முடியாது. அவர்களுக்கு புளோயர் கிட்டத்தட்ட அவசியம்.

கதவைத் திறந்து உள்விளிம்பையும் ஊதலாமா?

கதவைச் சற்றே திறந்து, வெளிப்பக்கம் நோக்கி, குறைந்த வேகத்தில். முழு வேகத்தில் உள்நோக்கி அடித்தால் தண்ணீர் சீட்டிலும் ஸ்பீக்கரிலும்தான் போய் இறங்கும். எஞ்சின் அறையிலும் இதே எச்சரிக்கை: மேலே தேங்கிய தண்ணீரை மெதுவாக வெளியேற்றுவது நல்லது, வயர் இணைப்புகளுக்குள்ளும் காற்று இழுக்கும் குழாய்க்குள்ளும் தண்ணீரைத் திணிப்பது நல்லதல்ல.

இவ்வளவு எதற்கு, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தால் காய்ந்துவிடுமே?

காய்ந்துவிடும், தூசியோடு சேர்ந்து. மணிக்கு 80 கிலோமீட்டரில் ஓட்டினால் காருக்குக் கிடைக்கும் காற்று, புளோயர் வாயில் வரும் வேகத்தில் பாதிகூட இல்லை. ஆனால் பிரேக்குக்கு மட்டும் இது பொருந்தும். கழுவிய பின் வண்டியை அப்படியே நிறுத்தினால் இரும்பு டிஸ்க்கில் சில மணி நேரத்திலேயே மெல்லிய செந்துரு படரும். உலர்த்தி முடித்ததும் கொஞ்ச தூரம் ஓட்டி, மெல்ல நாலைந்து முறை பிரேக் பிடித்து நிறுத்துங்கள்.

கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது எதைக் கவனிப்பது?

பேட்டரியை மாட்டச் சொல்லித் தூக்குங்கள். மாட்டாமல் தூக்கினால் எல்லாமே லேசாகத்தான் இருக்கும். அதே நிலையில் கையைத் தோள் உயரத்துக்கு நீட்டிப் பிடியுங்கள். கூரையை ஊதும்போது அப்படித்தான் பிடிக்க வேண்டும். மூன்று கிலோவுக்கு மேல் போனால் ஒற்றைக் கையில் சிரமம். பொத்தானை அழுத்தும் அளவுக்கேற்ப வேகம் மாற வேண்டும். ஆன், ஆஃப் மட்டும் இருந்தால் மிரருக்கும் கூரைக்கும் ஒரே வேகம்தான். காற்றை உள்ளே இழுக்கும் வாய் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பக்கவாட்டில் இருந்தால் சட்டையையும் துணியையும் இழுத்து ஒட்டிக்கொள்ளும். பின்பக்கம் இருப்பது வசதி. கார்பன் பிரஷ் மோட்டாராக இருந்தால் பிரஷ் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள்.

பைக்குக்கும் இதே புளோயர் ஆகுமா?

காரைவிட பைக்குக்குத்தான் அதிகம் பயன்படும். எஞ்சின் ஃபின்கள், ஸ்போக்குகள், சுவிட்சுகள் என்று பைக் முழுக்கவே துணி போகாத இடம்தான். வீல் பேரிங் சீலையும் சாவித் துவாரத்தையும் நேராகக் குறிவைத்து அடிக்க வேண்டாம்; ரேடியேட்டரில் சற்றுத் தள்ளி நின்று ஊதுங்கள். செயின் உலர்ந்ததும் எண்ணெய் போட மறக்காதீர்கள்.